பவர் எழுதிக் கொடுக்கும் முன்

செழியா,

இன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்த காரியம், மோட்டார் கொட்டகைக்குப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்ததுதான். பல்கூடத் துலக்கவில்லை. அது நம் பழைய பூட்டு இல்லை. புதிது, கனமானது, கடையில் ஒட்டிய சீட்டின் பசை இன்னும் மேலே பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. முந்தானையில் முடிந்து கொண்டுபோன சாவி அதில் நுழையவே இல்லை. கொட்டகை நம் நிலத்தில் இருக்கிறது, உன் அப்பா கட்டியது, மின் இணைப்பு இன்னும் அவர் பெயரில்தான் வருகிறது. ஒயர் களவு போகிற காலம், அதனால் சித்தப்பா பூட்டை மாற்றியிருக்கலாம். மாற்றிவிட்டு என்னிடம் சொல்ல மறந்திருக்கலாம். இரண்டும் நடக்கக்கூடியதுதான். ஆனால் மறதியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பி வருகிற சுபாவம் எனக்கு வாய்க்கவில்லை. அங்கிருந்து நேராகச் சித்தப்பா வீட்டுக்கு நடந்தேன். அங்கே நடந்ததைச் சொல்வதற்கு முன்னால், நீ போனில் சொன்ன ஒரு சொல்லைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். நூலகத்தைத் திறந்து வைத்துவிட்டு என் மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பேப்பர் படிக்க வருகிற இரண்டு பெரியவர்களைத் தவிர யாரும் இல்லை. அவர்களும் வேட்பாளர் பட்டியலில் மூழ்கிக் கிடக்கிறார்கள்.

சென்னையில் விசா வேலையாக அலைந்துகொண்டிருக்கும்போது அன்றைக்கு நீ கூப்பிட்டாய். "அம்மா, சித்தப்பா பேருக்குப் பவர் எழுதிக் குடுத்துட்டா எனக்கும் நிம்மதி, உனக்கும் நிம்மதி. சிங்கப்பூர்லேருந்து ஒவ்வொண்ணுக்கும் ஓடி வர முடியுமா?" என்றாய். எதற்குப் பவர் என்று கேட்டேன். "பவர்னா பவர்தாம்மா. எல்லாரும் குடுக்கிறதுதான. நீ எல்லாத்துலயும் பேய் இருக்கான்னு பாக்குற" என்று சிரித்தாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தைச் சம்மதம் என்று நீ எடுத்துக்கொண்டாய். வெள்ளிக்கிழமை ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போவதாக முடிவாகிவிட்டது. அப்பாவின் பங்குக்கு நீயும் நானும்தான் வாரிசு என்பதால் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டுமாம். இதைக்கூடச் சித்தப்பா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நீ சொல்லவில்லை.

அதற்குப் பிறகு இந்தச் சொல் என்னைவிட்டுப் போகவில்லை. நம் வீட்டில் அது எத்தனை வேலை பார்க்கிறது என்று கணக்கெடுக்க ஆரம்பித்தேன். போன மாதம் கண்ணாடிக் கடையில் "பவர் ஏறிடுச்சும்மா" என்றார்கள். ஏதோ நல்ல செய்தி மாதிரி இருந்தது. பார்வை மங்கிவிட்டது என்று அர்த்தம். உன் சித்தி டாக்டரிடம் போய் வந்தால், "இது பவர் ஜாஸ்தி மாத்திரைக்கா, சூடு" என்று பாதியாக உடைத்துத்தான் போட்டுக்கொள்வாள். மின்சாரம் நின்றால் தெருவே "பவர் போச்சு" என்று வாசலுக்கு வந்து, எதிர்வீட்டில் விளக்கு எரிகிறதா என்று பார்க்கும். அங்கேயும் இருட்டு என்று தெரிந்தால் ஒரு நிம்மதி. உழுவதற்குப் பவர் டில்லர். தேர்தல் வந்தால் யார் பவருக்கு வருவார்கள் என்று டீக்கடையில் சண்டை. ஒரு சொல் இத்தனை இடத்தில் புழங்கினால் அதைக் காதில் வாங்கியதுமே தலையாட்டிவிடுகிறோம். எது, எவ்வளவு, எதுவரைக்கும் என்று யாருக்கும் கேட்கத் தோன்றுவதில்லை. "என் அதிகாரத்தையெல்லாம் உங்களிடம் கொடுக்கிறேன்" என்று சொல்லிப் பார். நாக்கு கொஞ்சம் தயங்கும். பவர் எழுதிக் கொடுக்கிறேன் என்றால் டார்ச் லைட்டுக்கு பேட்டரி மாற்றுகிற மாதிரி இருக்கிறது.

உன் தாத்தா வாயில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான், ஆட்சி. இந்தக் கட்சி பவருக்கு வந்தாலும் அந்தக் கட்சி பவருக்கு வந்தாலும் சட்டம் குத்தகைக்காரன் பக்கம்தான் என்பது அவர் முடிவு. ஒருவன் ஒரே வயலைத் தொடர்ந்து சாகுபடி செய்தால் அவனை வெளியேற்ற முடியாது என்று யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து வருஷா வருஷம் அறுவடை முடிந்ததும் குத்தகைக்காரர்களை வயல் மாற்றி வைப்பார். நான் கல்யாணமாகி வந்த புதிதில் என் காதால் கேட்டேன். கோவிந்தன் என்று ஒருவர் நம் மேல வயலை அந்த வருஷம் பார்த்துக்கொண்டிருந்தார். தாத்தா அவரைக் கூப்பிட்டு, "வர்ற பட்டத்துக்கு நீ கீழ வயலுக்குப் போயிடு" என்றார். "ஏங்க, இப்பதாங்க எரு அடிச்சு வச்சிருக்கேன்" என்றார் கோவிந்தன். தாத்தா சொன்ன பதில் ஒரே வார்த்தை. "அதான்."

அந்த 'அதான்' என் கல்லூரிப் படிப்பில் இல்லாத பாடம். எரு போட்டவனுக்கு வயல்மேல் பாசம் வந்துவிடும், பாசம் வந்தால் உரிமை கேட்பான் என்று பயம். இது தெரிந்துவிட்ட பிறகு யார் எரு போடுவார்கள்? அடுத்த வருஷம் வேறு ஒருவன் அறுக்கப் போகிற வயலுக்கு யார் வண்டி கட்டி எரு அடிப்பார்கள்? ஒவ்வொருவரும் அந்த வருஷத்துக்கு மண்ணிலிருந்து என்ன கிடைக்குமோ அதை வழித்துக்கொண்டு நகர்ந்தார்கள். யாரும் நிலத்தைப் பிடுங்கிக்கொள்ளவில்லை. நிலம்தான் மெலிந்துபோனது. பிறகு உன் அப்பா தானே சாகுபடியில் இறங்கியபோது முதல் இரண்டு போகமும் பாதிக் கதிர் பதர். "எங்கப்பா சந்தேகத்துல நெலத்தப் பட்டினி போட்டுட்டாரு" என்று வரப்பில் நின்று சொன்னார். ஆகவே சந்தேகம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. அதன் விளைச்சலை உலையில் போட்டுப் பொங்கியவள் நான்.

ஆனால் நம்பிக்கை என்ன செய்யும் என்பதையும் பார்த்திருக்கிறேன். என் அப்பா, உன் இன்னொரு தாத்தா, திருக்காட்டுப்பள்ளியில் தபால் ஆபீசில் இருந்தபோது ஆற்றங்கரையை ஒட்டி ஒரு மனை வாங்கினார். பிறகு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. வேலி கட்டுவது, வரி கட்டுவது எல்லாவற்றுக்கும் வசதியாக இருக்கட்டும் என்று கூட வேலை பார்த்த நண்பருக்குப் பவர் கொடுத்தார். நீ நினைக்கிற மாதிரி அந்த நண்பர் ஏமாற்றவில்லை. நல்ல விலை வந்தது, விற்றார், ஒரு பைசா குறையாமல் கொண்டுவந்து அப்பா கையில் கொடுத்தார். "சும்மாக் கெடந்தது சார், நல்ல நேரத்துல தள்ளிட்டேன்" என்று சந்தோஷமாகச் சொன்னார். அப்பா நன்றி சொன்னார், அம்மா காபி கொடுத்தாள். அந்த மனையில் ஆற்றைப் பார்த்த மாதிரி ஒரு வீடு கட்டி ஓய்வுக்காலத்தில் இருக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அதை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை, நண்பரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகிற பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம் உட்காரமாட்டார். கெட்டவனிடம் கொடுத்தால்தான் ஆபத்து என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். நல்லவரிடம் கொடுத்து என் அப்பா ஒரு வீட்டை இழந்தார்.

சித்தப்பா நல்லவர். இதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் அப்பா மாரடைப்பில் இறந்த வருஷம், நம் வயலில் நடவை முடித்துவிட்டுத்தான் தன் வயலில் ஆள் இறக்கினார். நம் வயல் கொஞ்சம் மேடு, தண்ணீர் தேங்காது. அதனால் இரண்டு பங்குக்கும் நாற்றங்கால் எப்போதும் நம்முடையதில்தான். உன் அப்பா இருந்தவரை அண்ணன் தம்பிக்குள் அது பேச்சே இல்லாமல் நடக்கும். அவர் போனபிறகு ஒவ்வொரு ஆடியிலும் சித்தப்பா வாசலில் வந்து நின்று, "அண்ணி, நாத்தங்கால் போட்டுக்கட்டுமா?" என்று கேட்பார். "இதுக்கெல்லாமா தம்பி கேப்பீங்க" என்று நானும் ஒவ்வொரு வருஷமும் சொல்வேன். கேட்க வேண்டாம் என்று வாய் சொல்லும். கேட்டாரே என்று மனசு நிறைந்துவிடும். அந்த வயல் நம்முடையது என்று உலகத்தில் ஒருவராவது ஒப்புக்கொள்கிற நாள் அது. இந்த வருஷம் ஆடிப்பெருக்கு கழிந்தது, கடைமடையான நம் வாய்க்காலுக்கும் தண்ணீர் வந்து சேர்ந்தது. அவர் நாற்றங்காலுக்குக் கேட்க வரவில்லை. உன்னிடம் பவர்தான் கேட்டார். என் சந்தேகம் அங்கே ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணில் பட்டது. பவர் டில்லரைப் பக்கத்து ஊர்க்காரருக்கு விற்றுவிட்டார். ரிப்பேர் என்றார். ஒருநாள் நூலகத்திலிருந்து வரும்போது நம் வரப்பில் ஜீப்பில் வந்த இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் குனிந்து ஈர மண்ணை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கயிறு மாதிரி உருட்டிப் பார்த்தார். நெல் போடுகிறவன் மண்ணை நசுக்கிப் பார்ப்பான், முகர்ந்து பார்ப்பான், கயிறு திரிக்கமாட்டான். மண் தண்ணீரைப் பிடித்து வைக்குமா என்று பார்க்கிறவன்தான் அப்படி உருட்டுவான். பூம்புகார் போகிற வழியில் பளபளவென்று சதுரம் சதுரமாகக் கிடக்கிற இறால் குளங்களை நீயும் பார்த்திருக்கிறாய். சின்ன வயசில் அவற்றைக் கடல் என்று நினைத்துக் கை காட்டுவாய்.

சரி, இன்று காலைக்கு வருகிறேன். சித்தப்பா மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். சித்தி வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க அண்ணி, காலங்காத்தால?"

"கொட்டாய்ல புதுப்பூட்டு தொங்குதே தம்பி."

"ஆமாங்க அண்ணி, ஒயரு களவு போவுதுல்ல. சாவி குடுக்க மறந்துட்டேன். ஏ வசந்தா, ஆணியில சாவி மாட்டிருக்கு பாரு, எடுத்து அண்ணிகிட்ட குடு."

சித்தி கை கழுவாமலே நிமிர்ந்து, "அத நேத்து அவங்ககிட்டல்ல குடுத்து விட்டீங்க" என்றாள். சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக்கூடாது என்று அவளுக்கு உறைத்தது. மறுபடியும் அதே தட்டைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"எவங்ககிட்ட வசந்தா?"

"தண்ணி டெஸ்ட் பண்ண வந்தவங்கண்ணி" என்றார் சித்தப்பா.

"நெல்லுக்கு யாரு தம்பி தண்ணி டெஸ்ட் பண்றா?"

அவர் வைக்கோலைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "அண்ணி, நீங்க போலீஸ்ல சேந்திருக்கணும்."

"உயரம் பத்தலன்னுட்டாங்க. என்ன விஷயம், சொல்லுங்க."

சொல்லிவிட்டார். நான் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் சொன்னார், பாரம் இறக்கின மாதிரி. "மறைக்கணும்னு இல்லீங்கண்ணி. எறா பண்ணைக்குக் கேக்குறாங்க. விக்கல, குத்தகைதான். உங்க மேடு நடுவுல இருக்கு. அத விட்டுட்டு என்னோடத மட்டும் எடுக்க மாட்டேங்கறாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா வேண்டாம்பீங்க."

"அதனாலதான் பவரா?"

அவர் குனிந்து வைக்கோலை எடுத்தார். சித்திதான் எழுந்து வந்தாள். "அக்கா, அவரு முட்டியப் பாருங்க. வரப்புல ஏறி எறங்க முடியல. ஒரு வருஷம் காயுது, ஒரு வருஷம் அழுவுது. ஆளு கூப்புட்டா நூறு நாள் வேலைங்கறாங்க. நாளைக்கு யாரு எறங்குறது? ஒங்க புள்ள எறங்குவானா? எம்புள்ளதான் சேத்தப் பாத்தா மூக்கப் பொத்துறான். நாங்க என்ன ஊரக் கொள்ளையடிக்கவா போறோம்? ஆமா, நீங்க மாசமானா சம்பளம் வாங்குறீங்க. ஒங்களுக்கு வயலு பாக்க அழகாத்தான் இருக்கும்."

கடைசி வாக்கியம் குத்தியது. குத்த வேண்டும் என்றுதான் சொன்னாள், அதில் தப்பும் இல்லை. நான் சித்தப்பாவைப் பார்த்து ஒன்றுதான் கேட்டேன். "தம்பி, உப்புத்தண்ணி கட்டிட்டா, அப்புறம் என்னைக்காவது நெல்லு வருமா?"

அவர் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார். பிறகு, "வராதுங்கண்ணி" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். ஜிப்சம் போட்டால் சரியாகிவிடும் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். நானும் பாதி நம்பியிருப்பேன். சொல்லவில்லை. சித்தி கொடுத்த காபியைக் குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். குடிக்காமல் வந்திருந்தால் அது வேறு பேச்சாகியிருக்கும். படலைத் தாண்டும்போது சித்தப்பா பின்னாலேயே வந்தார். "செழியன்கிட்ட நானே சொல்லிக்கிறேங்கண்ணி. வெள்ளிக்கிழமை முடியட்டும்." சரி என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

என் மௌனத்துக்கு அர்த்தம் சொல்லிக்கொள்ள நீங்கள் எல்லோரும் பழகிவிட்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். செழியா, யாராவது உன்னிடம் பவர் கேட்டால், எந்தக் காரியத்துக்கு என்று கேள். அந்த ஒரு காரியத்துக்கு மட்டும் கொடு. எப்போது முடியும் என்று கேள். வேண்டாம் என்று தோன்றினால் எப்படித் திரும்ப வாங்குவது என்று கொடுப்பதற்கு முன்பே தெரிந்துகொள். சித்தப்பாவானாலும் சரி, நாளைக்கு உனக்கு வரப்போகிறவளானாலும் சரி, கம்பெனி முதலாளியானாலும் சரி, ஓட்டுக் கேட்டு வாசலில் நிற்கிறவரானாலும் சரி. அவர்கள் கெட்டவர்கள் என்பதால் சொல்லவில்லை. பவரைக் கையில் வாங்கியவருக்கு நம்மிடம் மறுபடி வந்து கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விடுகிறது. கேட்காமல் கேட்காமல் நம் முகமே அவருக்கு மறந்துவிடும். சித்தப்பா எத்தனை வருஷம் நம் வாசலில் வந்து நின்று கேட்டார். இப்போது என் வாசலுக்கு வராமல் இருக்க வழி தேடியிருக்கிறார்.

எனக்கும் எழுதிக் கொடுக்காதே. "அப்ப நீயே வச்சுக்கம்மா" என்று கோபத்தில் நீ சொல்லக்கூடும். என்னையும் நான் முழுக்க நம்பவில்லை. அந்த வயல் உப்பாகக்கூடாது என்று நான் துடிப்பது மண்ணுக்காகவா, நம் வயலில் நடவுக்கு இறங்குகிற பெண்களின் வேலைக்காகவா, அல்லது அது பச்சையாக இருக்கும்வரை நீ ஒருநாள் திரும்பி வருவாய் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடுகிறதா என்று எனக்கே தெரியவில்லை. காலையிலிருந்து கேட்டுப் பார்க்கிறேன். மூன்றும் இருக்கும்போலத் தோன்றுகிறது. கடைசிக் காரணத்தைப் பற்றி நீ எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தாயின் ஆசையை ஒரு வயலில் ஊன்றி வைத்தால் அதற்குப் பிள்ளைதான் வரி கட்ட வேண்டியிருக்கும். நீ போ. நன்றாக இரு. அந்த வயலுக்காக ஒரு டிக்கெட்கூட மாற்றிப் போட வேண்டாம்.

சந்தேகத்தைப் பற்றி இன்று எனக்கு ஒன்று தெளிந்தது. தாத்தாவும் சந்தேகப்பட்டார், நானும் படுகிறேன். அவர் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. வயலை மட்டும் மாற்றி மாற்றிக் கொடுத்தார். நான் படலைத் திறந்துகொண்டு போய்க் கேட்டேன். கேட்டதால் தெரிந்தது சூழ்ச்சி இல்லை, முட்டி வலி. வயலில் இறங்க ஆள் இல்லாத ஒரு மனிதர், தெரிந்த ஒரே வழியைப் பிடித்திருக்கிறார். நானும் கேட்காமல் இருந்திருந்தால், வெள்ளிக்கிழமை ரிஜிஸ்டர் ஆபீசில் நான்கு பேருக்கு முன்னால் அவரைத் திருடன் என்று சொல்லியிருப்பேன். அப்படிச் சொல்வதற்கு வாக்கியங்களைக்கூட மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். நல்ல வாக்கியங்கள்.

நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. உன் கையெழுத்து உன்னுடையது. வியாழக்கிழமை நீ வீட்டுக்கு வந்ததும் இதை உன் கையில் தருவேன். படித்துவிட்டு நீயே முடிவு செய். ஆனால் நான் மறுத்துவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை, சம்பளம் வந்துவிடும். நஷ்டமெல்லாம் அவருக்குத்தான். வசந்தா சொன்னதற்கு என்னிடம் பதில் வேண்டும். இன்று காலையிலிருந்து நான் யோசித்துக்கொண்டிருப்பது அந்தப் பதிலைத்தான்.

வெள்ளிக்கிழமை காலை அவர் பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் நான் அவர் வீட்டு வாசலில் போய் நிற்கப் போகிறேன். அவருடைய பங்கு முழுவதையும் எனக்குக் குத்தகைக்குக் கேட்கப் போகிறேன். பண்ணைக்காரர்கள் சொன்ன அளவு என்னால் தர முடியாது. நெல்லாகத்தான் தருவேன், விளைந்தால் ஒரு அளவு, விளையாவிட்டால் ஒரு அளவு என்று பேசிக்கொள்வோம். உழவுக்கு யாரைப் பிடிப்பது, தண்ணீர் முறைக்கு யார் நிற்பது, நூலகத்தை எத்தனை மணிக்குத் திறப்பது, ஒன்றும் தெரியவில்லை. நம் பக்கத்தில் ஒரு பெண் தன் கொழுந்தனிடம் நிலம் குத்தகைக்குக் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஊர் சிரிக்கும். அவரும் சிரிக்கலாம், முடியாது என்றும் சொல்லலாம். இதை இன்னும் அவரிடமோ வசந்தாவிடமோ வேறு யாரிடமோ சொல்லவில்லை. எந்த வாக்கியத்தில் ஆரம்பிப்பது என்றுகூட இன்னும் தெரியவில்லை. போய் நின்று கேட்பேன்.

உன் அம்மா